இரண்டு தட்டு, அப்புறம் ஒன்று

அழைப்பு மணி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஒயர்கள்தான் நீட்டிக்கொண்டிருந்தன, முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள் செண்பகவல்லி. தொட்டால் ஷாக் அடிக்குமோ என்று ஒரு நினைப்பு, தொட்டாலும் உள்ளே மணி அடிக்கப்போவதில்லை என்று இன்னொரு நினைப்பு, இரண்டுக்கும் நடுவில் அவளுடைய விரல் ஒயருக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது. வீட்டு எண் சரிதான். நீலப் பீங்கான் வில்லையில் 1846. மூன்று வருஷமாகப் பர்ஸுக்குள் மடித்து வைத்திருந்த பார்சல் அட்டைத் துண்டிலும் 1846தான், அண்ணன் எழுத்தில், நான்கின் கொம்பு மேலே சேராமல். தெருப் பெயரும் சரி. ஊரும் சரி, புர்சாகோ, புவெனோஸ் ஐரிஸிலிருந்து தெற்கே போகிற மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம், இறங்கி ஒன்பது தெரு நடை. எல்லாம் சரியாக இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. ஏதாவது ஒன்று தப்பாக இருந்திருந்தால், தெரு கிடைக்கவில்லை என்றோ வீட்டை இடித்துவிட்டார்கள் என்றோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பியிருக்கலாம். விதைப் பரிசோதனைப் பயிற்சிக்காகக் கம்பெனி அனுப்பிய இரண்டு வாரத்தில் இது கடைசி ஞாயிற்றுக்கிழமை. நாளை மதியம் விமானம். இந்த மத்தியானத்தை விட்டால் இன்னொரு தடவை யார் அவளை இவ்வளவு தூரம் அனுப்பப்போகிறார்கள். அண்ணன் உள்ளே இருப்பானா என்பது ஒரு கேள்வி. உயிரோடு இருக்கிறானா என்பது வேறொரு கேள்வி, அதை அவள் ரயில் ஏறும்போதே கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டிருந்தாள், ஆனால் ஒன்பது தெருவும் அது பைக்குள்ளிருந்து அவள் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. வருஷா வருஷம் தைப்பொங்கலன்று அவனிடமிருந்து ஒரு செய்தி வரும். ‘பொங்கல் வாழ்த்துகள் வல்லி.’ அவ்வளவுதான், ஒரு படம்கூட இருக்காது. அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அந்த மூன்று வார்த்தையையும் ஒரு முழுக் கடிதம்போல நிதானமாகப் படித்துவிட்டுப் பொங்கல் பானைப் பக்கம் போய்விடுவாள். இந்தத் தைக்கு அது வரவில்லை. இவள் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. போன் தொலைந்திருக்கும். தொலைந்தால் வேறு போன் வாங்கமாட்டானா. வாங்கியிருப்பான், நம்பர் போயிருக்கும். ஏழு மாதமாகவா. ஏழு மாதத்தில் ஒரு மனுஷனுக்கு என்னென்னவோ ஆகலாம், பங்குனியில் ஒரே ஒரு காலையில் அப்பாவுக்கு ஆகவில்லையா, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே விட்டார், குனிந்து எடுக்கப் போனார், எடுக்கவில்லை.

‘அண்ணே’ என்று கூப்பிட்டுப் பார்த்தாள். குரல் தொண்டைக்கு வெளியே ஒரு அடிகூடப் போகவில்லை. அந்தச் சின்னச் சத்தத்துக்கே இரண்டு வீடு தள்ளி ஒரு நாய் குரைத்தது, அதைக் கேட்டு எதிர்ச்சாரியில் இன்னொன்று, பிறகு தெருக்கோடி வரைக்கும் நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குரைத்து, ஒரு வழியாக ஓய்ந்தன. மணி இரண்டே முக்கால். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை இந்நேரம் சாப்பிட்டு முடித்து எல்லோரும் படுத்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள், ஆனால் ஒரு தெரு இவ்வளவு அடங்கிக் கிடக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கோவில்பட்டியில் எந்த மத்தியானத்திலும் ஏதாவது ஒரு மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும். இங்கே எல்லா ஜன்னல்களிலும் சுருட்டுக் கதவுகள் தரைமட்டும் இறங்கியிருந்தன, மேலே சுட்ட இறைச்சியின் புகைவாசனை மட்டும் ஆறிப்போய் நின்றது. ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் இடுப்புயரக் கம்பத்தில் ஒரு இரும்புக் கூடை. முதல் தெருவில் அதைப் பார்த்தபோது, அட, இங்கேயும் காக்கைக்குச் சோறு வைக்கிறார்கள் என்று நினைத்து ஒரு நிமிஷம் மனசு லேசாகியிருந்தது, இரண்டாவது தெருவில் ஒரு கூடையில் குப்பைப் பை உட்கார்ந்திருந்தது. எவ்வளவு சீக்கிரம் ஒன்றை நம்பிவிடுகிறோம். மின்கம்பத்தில் ஒரு தகரப் பலகை, திறந்த கண் ஒன்று வரைந்து, கீழே நாலு வார்த்தை. அதில் இரண்டு அவளுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தார் உஷாராக இருக்கிறார்கள். யாருக்கு உஷார், அவளுக்குத்தான், தெருவில் வேறு யார் இருக்கிறார்கள். முனையில் டெலிபோன் பூத் மாதிரி ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு காவலாளி, அவர் ரேடியோவைக் குறைத்தது அவளுக்குத் தெரிந்தது, பாட்டு நின்ற பிறகுதான் பாட்டு இருந்ததே தெரிந்தது. இதே இடத்தில் எவ்வளவு நேரமாக நிற்கிறாள். பத்து நிமிஷமா. ஒரே வீட்டு முன்னால் பத்து நிமிஷம் நிற்கிறவளை ஊரில் யாராவது சும்மா விடுவார்களா, ‘யாரும்மா நீ, என்ன வேணும்’ என்று கேட்டு, ஊர் பேர் தெரு எல்லாம் விசாரித்து, கடைசியில் தூரத்து உறவாக்கி மோர் கொடுத்து அனுப்புவார்கள். இங்கே பார்ப்பார்கள். நின்றால் சந்தேகம் என்று நாலு வீடு நடந்தாள். திரும்பி வந்தாள். நடந்தது இன்னும் தப்பு என்று பிறகு பட்டது, நோட்டம் பார்க்கிறவர்கள்தான் அப்படி நடப்பார்கள். கண்ணாடிக் கூண்டு ஆள் எழுந்து நின்றிருந்தார். ஸ்வெட்டருக்குள் முதுகு வேர்த்தது. ஸ்வெட்டரும் அவன் அனுப்பியதுதான், அவள் எம்.எஸ்ஸி. முடித்தபோது பார்சலில் வந்தது, கம்பளி, காப்பிக்கொட்டை நிறம், கோவில்பட்டி வெயிலில் அதைப் பிரித்துப் பார்த்து அம்மா, ‘இவனுக்கு நம்ம ஊரு மறந்துட்டா’ என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மூன்று வருஷம் பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடந்தது இந்த ஆகஸ்ட் குளிரில் முதன்முதலாக வெளியே வந்திருக்கிறது, இந்த வாசனையை வைத்தே காவலாளி அவளைப் பிடித்துவிடலாம்.

கைதட்டினால் போதும். அவளுக்குத் தெரியும். பயிற்சிக் கூடத்தில் அவள் பக்கத்து மேஜை ரோசியோ வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாள். ஊர்ப்புறத்துக்குப் போகிறாய், பல வீட்டில் மணி வேலை செய்யாது, வேலை செய்தாலும் மின்சாரம் இருக்காது, கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்துவிடாதே, வெளியே நின்று கைதட்டு, யாராவது வருவார்கள், எங்கள் அத்தை வீட்டுக்கு இன்றைக்கும் அப்படித்தான் போவோம். சொல்லிவிட்டு விதைத் தட்டுகளுக்கு நடுவில் நின்று தட்டியும் காட்டினாள், பட் பட் பட் என்று, சந்தோஷமாக, கோழிக்குத் தீனி போடக் கூப்பிடுவதுபோல. செண்பகவல்லியின் முகம் சுருங்கியதை அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் எப்படிச் சொல்வது. எங்கள் ஊரில் யாரையும் கைதட்டிக் கூப்பிடக்கூடாது, பின்னாலிருந்து ஒருத்தன் கைதட்டினால் நாங்கள் திரும்பமாட்டோம், அவ்வளவைச் சொல்லும் அளவுக்கு அவளுக்கு ஸ்பானிஷ் வரும், நாலு மாதம் போனில் படித்திருக்கிறாள். மீதியை எந்த மொழியில் சொல்வது. அப்பா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விசில் என்பது கை இல்லாதவனுக்கு என்பார். மைதானத்தின் அந்தக் கோடியில் கபடி ஆடுகிற பையன்கள் அவர் கைதட்டினால் மூச்சை விட்டுவிட்டு ஓடி வருவார்கள். பலகைபோலக் கை. அந்தக் கையை வீட்டுக்கும் கொண்டுவந்தார். முன் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ஒன்று. அடுக்களையில் எந்த வேலை நடந்துகொண்டிருந்தாலும் அது அப்படியே நிற்கும், அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாகப் போவாள். தண்ணீராக இருக்கும், கண்ணாடிக்கூடாக இருக்கும், சில சமயம் ஃபேனைக் கூட்டிவைக்க, ஸ்விட்ச் அவர் தலைக்கு மேலேதான் இருக்கும். அவர் அம்மாவை அடித்ததில்லை. ஒரு தடவைகூட இல்லை, அதை எல்லோரும் சொல்வார்கள், தங்கமான மனுஷன் என்று, அவர் கையிலிருந்து வந்த சத்தமெல்லாம் அவருடைய இன்னொரு கைமேலேதான் விழுந்தது. ஆனால் லோகாம்பாள் என்ற பெயரை அவர் வாயிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. இவளுக்கு ஏழு வயசு இருக்கும்போது, கொல்லையில் விளையாடிக்கொண்டிருந்தவள் சும்மா தட்டிப் பார்த்தாள். இரண்டு, அப்புறம் ஒன்று. அம்மா வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அதே ஓட்டமும் நடையுமாகக் கொல்லைக் கதவு வரைக்கும் வந்தாள், தட்டியது யார் என்று பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, திட்டக்கூட இல்லை, திரும்பிப் போய்விட்டாள். தட்டிய உடனே அம்மா வந்தது இவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது, அடுத்த தட்டுக்குக் கையைத் தூக்கிவிட்டாள். அண்ணன்தான் வந்து இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தான். அவனுக்குப் பதினைந்து வயசு. விரல் எலும்பு நெரியும்படி பிடித்துக்கொண்டு, ‘இனிமே தட்டுவியா’ என்றான். ‘மாட்டேன்.’ ‘எப்பவும்?’ ‘எப்பவும் தட்டமாட்டேண்ணே.’ அந்தச் சொல்லை அவள் காப்பாற்றியிருக்கிறாள். பள்ளி ஆண்டுவிழாவில், கல்லூரிப் பட்டமளிப்பில், ஆயிரம் பேர் தட்டும்போது அவள் விரல் நுனிகளை மட்டும் ஒன்றோடொன்று தொடவைத்து, தட்டுகிற மாதிரி இருந்திருக்கிறாள், பக்கத்தில் இருப்பவர்களுக்கு எப்போதும் தெரிந்ததில்லை. கடைசியில் எங்கே வந்து நிற்கிறாள் பார். யாருக்காகத் தட்டமாட்டேன் என்றாளோ அவனைக் கூப்பிடத்தான் தட்டவேண்டியிருக்கிறது.

கேட்டின் உட்பக்கம் சுவர் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் பாட்டில் நின்றது. முதலில் அதைப் பார்த்தாள், பிறகு பார்க்காத மாதிரி இருந்தாள், பிறகு மறுபடி பார்த்தாள். வருகிற வழியில் நிறைய வீடுகளில் இப்படி இருந்தது, நாய்கள் வாசலை நனைக்காமலிருக்க இங்கேயும் தண்ணீர் பாட்டில் வைக்கிறார்கள் போலிருக்கிறது. ஆனால் மற்ற வீட்டுப் பாட்டில்களில் வெறும் தண்ணீர். இதில் லேசான நீலம். குனிந்து கம்பிக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். நீலம்தான். கோவில்பட்டியில் அவர்கள் தெருவில் எல்லோரும் வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கலந்துதான் வைப்பார்கள், அதுவும் அண்ணன் அளவு பார்க்காமல் ஊற்றி அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொள்வான். இந்த ஊரில் நீலம் கலக்க வேறு யாருக்குத் தோன்றும். இருக்கிறான், இங்கேதான் இருக்கிறான். உடனே அடுத்தது வந்தது. இருந்தான். எப்போது கலந்தது இது. அவன் அளவு பார்க்காமல் ஊற்றுகிறவன், இது வெளிறிப்போய், இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேண்டிய நீலமாக இருக்கிறது. வெயிலில் சாயம் எத்தனை நாளில் வெளிறும். அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும், ஆய்வுக்கூடத்தில் விதைகளுக்குச் சாயம் ஏற்றி உயிருள்ளது எது செத்தது எது என்று பிரிப்பதுதான் அவள் வேலை, உயிருள்ள முளை சிவக்கும், செத்தது வெளுப்பாகவே கிடக்கும், தட்டைப் பார்த்து எண்ணி எழுதினால் முடிந்தது. இங்கே எதை எண்ணுவது. கோடை முழுக்க வெயில், இந்த நாட்டில் ஜனவரிதான் கோடை, பொங்கல் கோடையில் வரும், பொங்கலுக்கு முன்னால் கலந்திருந்தால் இந்நேரம் இப்படித்தான் வெளிறியிருக்கும். அல்லது வயசாகி அளவு கற்றுக்கொண்டிருக்கலாம். முப்பத்திநாலு வயசு. ஒரு சொட்டு போதும் என்று யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம். பாட்டிலின் தோளில் தூசி படிந்திருந்தது, ஆனால் மூடி புதுசு. மூடி புதுசா, இல்லை மழையில் கழுவியதா. கம்பிக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்க்க நினைத்து முழங்கை வரைக்கும் நுழைத்துவிட்டாள், அப்போதுதான் பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது.

எதிர்வீட்டுப் பெண்மணி தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயசிருக்கும், நைட்டி, தலையில் முடி சுருட்டும் உருளைகள், கக்கத்தில் இடுக்கிய ஃபிளாஸ்க், கையில் இங்கே எல்லோரும் குடிக்கிற அந்தக் கசப்புத் தழைக் குவளை, உறிஞ்சு குழலோடு. செண்பகவல்லி கையை உருவினாள், ஸ்வெட்டர் நூல் கம்பியில் மாட்டிக்கொண்டது.

“என்ன நேனா, பாட்டிலைத் திருடப்போறியா?” என்றாள் அந்தப் பெண்மணி. நேனா என்றால் சின்னப் பெண்ணே என்பதுபோல. சிரிக்கவில்லை, ஆனால் கோபமும் இல்லை. “நான் உன்னை இருபது நிமிஷமா ஜன்னல் இடுக்கில பாத்துட்டிருக்கேன். என் வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுன்னார். நான்தான் சொன்னேன், இவ்வளவு மோசமா நோட்டம் பாக்கிற திருடி உலகத்திலேயே கிடையாதுன்னு. யாரு வேணும்?”

“இந்த வீடு,” என்றாள் செண்பகவல்லி. படித்த ஸ்பானிஷ் எல்லாம் எங்கோ போய்விட்டது. “இந்தியா. என் அண்ணன்.”

“இந்துவா?” இந்த நாட்டில் இந்தியாக்காரர் யாரானாலும் இந்து என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெண்மணி குழலில் ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். “ஒல்லியா, உயரமா? வெல்டிங் வேலை பாக்கிறவர்?”

“ஒல்லி. ஆமா, ஒல்லி.” கப்பலில் அவன் ஃபிட்டராகத்தான் இருந்தான், வெல்டிங்கும் தெரிந்திருக்கும், தெரியாமலா. ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்தத் துறைமுகத்தில் இறங்கியவன் திரும்பக் கப்பல் ஏறவில்லை, யாரோ மிர்த்தா என்று ஒரு பெண், அவளைப் பற்றி அவன் எழுதிய ஒரே வரி, ‘சத்தமா சிரிப்பா’.

“மிர்த்தா வீட்டு ஆளு,” என்று தலையாட்டினாள் பெண்மணி. “எங்க கேட்டையும் அவர்தான் ஒட்டவைச்சார். நல்ல மனுஷர், வாயே திறக்கமாட்டார். ஆனா நான் பாத்து ரொம்ப நாளாச்சே நேனா. கோடையில பாத்தது. அப்புறம் ஆம்புலன்ஸ் ஒண்ணு வந்துது, இந்த வீட்டுக்கா பக்கத்து வீட்டுக்கான்னு... இரு, அது பக்கத்து வீட்டுக் கிழவனுக்கு. இல்லே, கிழவன் போனது ஈஸ்டருக்கு.” அவள் மறுபடி உறிஞ்சினாள். “குளிர்காலத்தில நான் வெளியவே வர்றதில்லை, எனக்கு மூட்டு. நீ ஏன் தட்டாம நிக்கிற?”

ஆம்புலன்ஸ் என்ற வார்த்தை எல்லா மொழியிலும் ஒன்றாகவே இருப்பது எவ்வளவு கொடுமை.

“தட்டு. தட்டாம நின்னா திருடி, தட்டினா விருந்தாளி. இங்க அவ்வளவுதான் சட்டம்.” பெண்மணி ஃபிளாஸ்கைக் கூடைக் கம்பத்தின் மேல் வைத்தாள், குவளையை அதன் பக்கத்தில் வைத்தாள். “வெக்கமா? சரி, நானே தட்டறேன். அந்த மிர்த்தா படுத்தா கல்லு.”

அவள் கைகளை விரித்தாள். செண்பகவல்லி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். இரண்டு வாரத்தில் அவள் ஒரு மனுஷரைத் தொட்டது அதுதான் முதல் தடவை, சூடான, சோப்பு வாசமடிக்கிற, கொழுகொழுவென்ற மணிக்கட்டு. வேண்டாம், நான், நான் தட்டுகிறேன் என்றாள், எந்த மொழியில் சொன்னாள் என்று தெரியவில்லை. யாரோ ஒருத்தி தட்டி, அதற்கு அவன் வந்தால் சரி. தட்டி, யாரும் வராமல் போனால், அந்த வெறுமையை முதலில் பார்க்கிறவள் இந்த நைட்டிக்காரியாக இருக்கக்கூடாது. பெண்மணி தோளைக் குலுக்கிவிட்டுக் குவளையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள், போகவில்லை, சினிமா பார்ப்பதுபோல நின்றாள்.

முதல் தட்டு கொசு அடித்த மாதிரி இருந்தது. விரல் நுனிகள் பழக்கத்தில் தாமாகவே முந்திக்கொண்டு, ஒன்றையொன்று தொட்டு, சத்தத்தை முழுங்கிவிட்டன. “இதுக்கு எறும்புகூட எழுந்துக்காது,” என்றது பின்னாலிருந்து. உள்ளங்கைகளைப் பார்த்தாள். இரண்டு கை, ஒன்றின் நடுவில் மச்சம், குளிரில் நுனி வெளுத்து. எப்படித் தட்டுவது. ரோசியோ மாதிரி வேகமாகவா, பட் பட் பட் என்று, அவள் கைக்கு அது வராது, அது கோழிகளைப் பிரியமாகக் கூப்பிடுகிற வீட்டில் பிறந்த கை. வேறு எப்படி. ஒன்று தட்டி நிறுத்தினால் யாரோ தப்பாகத் தட்டியதென்று நினைப்பார்கள். அப்பாவின் வலது கை இப்போது கட்டிலில் அவர் பக்கத்தில் வேறொருவருடைய கைபோலக் கிடக்கிறது, அம்மா அதை எடுத்துத் துடைத்து மறுபடி அதன் இடத்தில் வைக்கிறாள். ஒற்றைக் கையால் தட்டமுடியாது. வீட்டில் ஐந்து மாதமாக அந்தச் சத்தம் இல்லை. அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும் என்று இவள் நினைத்தாள், அப்படி நினைத்ததற்கு வெட்கமும் பட்டாள், ஆனால் மத்தியானத்தில் அம்மா அரிவாள்மனையைப் படுக்கவைத்துவிட்டுச் சட்டென்று எழுந்திருக்கிறாள், ‘கூப்பிட்டாரா?’ ‘இல்லம்மா.’ ‘கேட்டுச்சே.’ ‘இல்லம்மா, அவர் தூங்குறார்.’ போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். அண்ணன் வீட்டைவிட்டுப் போன நாளும் இப்படி ஒரு மத்தியானம்தான். பாலிடெக்னிக் முடித்த வருஷம். இரண்டு தட்டு, அப்புறம் ஒன்று, அம்மா எழுந்தாள், அவன் ‘நீ இரு’ என்று சொல்லிவிட்டு முன் அறைக்குப் போய் அப்பாவுக்கு எதிரில் நின்றான். கதவுக்குப் பின்னால் நின்ற இவளுக்குப் பன்னிரண்டு வயசு. ‘அம்மாவுக்குப் பேர் இருக்கு. ஒரே ஒரு தடவ கூப்பிடுங்க,’ என்றான், கத்தவில்லை, கேட்டான். அப்பா பேப்பருக்கு மேலாக அவனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே மறுபடி தட்டினார். இரண்டு, அப்புறம் ஒன்று. அப்போதும் அவன் போயிருக்கமாட்டான். அம்மா வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, மகனைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, ‘நீ ஏன்டா குறுக்க நிக்க,’ என்றாள். அதுதான். அந்த வாரமே தூத்துக்குடி, அப்புறம் கப்பல். பதினாலு வருஷம். அவன் அப்பா தட்டியதற்காகப் போகவில்லை, அம்மா வந்ததற்காகப் போனான், இது இவளுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, புரிந்ததை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவேண்டியவன் இந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான் அல்லது எந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கமும் இல்லை. மணி மூன்று இருபது. கண்ணாடிக் கூண்டுக் காவலாளி வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பாட்டிலில் நீலம் இருந்தது, இல்லை, இருந்தது.

கைகள் தாமாகவே எழுந்தன. இரண்டு. இடைவெளி. அப்புறம் ஒன்று. சத்தம் அவ்வளவு பெரிதாக வரும் என்று அவள் நினைக்கவில்லை, பலகையோடு பலகை மோதியதுபோலத் தெரு முழுக்க அடித்து எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது, அது அவளுடைய சத்தம் இல்லை, அவருடையது, அந்தப் பெரிய மைதானத்துக் கை அப்படியே அவள் கைக்குள் இருந்திருக்கிறது, பத்தொன்பது வருஷம் விரல் நுனியால் அவள் மூடி வைத்திருந்தது இதைத்தான். நாய்கள்கூடக் குரைக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குள்ளே எங்கோ ஒரு பாத்திரம் விழுந்து, உருண்டு, அடங்கியது. செருப்பில்லாத கால்கள், வேகமாக, ஓட்டமும் நடையுமாக. பூட்டு திரும்பியது. கதவு திறந்தது. ஒல்லியாக, உயரமாக, முன்னால் நரைத்து, முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோடு ஒருவன் படியிறங்கி வந்தான். வரும்போதே ஈரக்கையைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு வந்தான், முதலில் வலது கை, பிறகு இடது, பிறகு விரல் இடுக்குகள், அம்மா துடைப்பதுபோலவே. பாதி வழியில் தான் துடைத்துக்கொண்டிருப்பது அவனுக்கே தெரிந்தது. நின்றுவிட்டான். அவன் கண் அவள்மேல் படவில்லை. அவளைத் தாண்டி, எதிர்வீட்டுப் பெண்மணியைத் தாண்டி, தெருவின் இரண்டு பக்கமும் தேடியது, முப்பத்திநாலு வயசு முகம் இல்லை அது, பழைய பையன் முகம்.

“எங்க அவரு?” என்றான், தமிழில், யாரிடமோ.

“நான் மட்டுந்தாண்ணே,” என்றாள்.

அவன் பார்த்தான். காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டரைத்தான் முதலில் பார்த்தான், அதில் நூல் பிரிந்து தொங்கிய இடத்தைப் பார்த்தான், பிறகுதான் முகத்துக்கு வந்தான். வாய் அசைந்தது, பெயர் வரவில்லை. பிறகு கேட்டான், “நீயா தட்டுன?”

“ஆமாண்ணே.”

“தட்டமாட்டேன்னு சொன்ன.”

“மணி இல்ல,” என்றாள். இருபத்தாறு வயசில் அவளுக்குச் சொல்ல வந்தது அவ்வளவுதான். “பொங்கலுக்கு ஏன் ஒண்ணும் அனுப்பல? நாங்க என்னென்னமோ நினைச்சிட்டோம்.”

“போன் ஆத்துல விழுந்துட்டு. உன் நம்பர் அதுலதான் இருந்துச்சு.” கொஞ்சம் நின்று, “வேற வழில தேடியிருக்கலாம்,” என்றான். “தேடல.” கேட்டுக்கு அருகே வந்திருந்தான், சாவி அவன் கையில் இருந்தது, பூட்டில் வைக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் அவள் பின்னால் மறைத்திருந்த கைகளையே பார்த்தான். “அவர் மாதிரியே இருந்துச்சு.”

“அவருக்கு இப்ப கை வராதுண்ணே. பங்குனியில இருந்து. வலப்பக்கம் பூரா விழுந்துட்டு.”

அவன் கையிலிருந்து ஒரு துளி சோப்பு நுரை சாவிமேல் இறங்கியது. எதிர்வீட்டுப் பெண்மணி குழலை உறிஞ்சுவதை நிறுத்தியிருந்தாள், மொழி தெரியாமலே.

“அம்மா?” என்றான்.

“நல்லா இருக்கா. ஆனா அவளுக்கு இன்னும் அந்தச் சத்தம் கேக்குதாம். வேலையப் போட்டுட்டு எந்திரிச்சுப் போறா.”

அவன் தலையைக் குனிந்து பூட்டைத் தேடினான். சாவி முதல் தடவை நுழையவில்லை, இரண்டாவது தடவையும் நுழையவில்லை. பிறகு பூட்டு திறந்தது.

“எனக்கும் கேக்குது,” என்றான். “உள்ள வா.”